பூசணிக்காயில் ஒரு சிவப்புப் புள்ளி

செப்டம்பர் 8, திங்கள்

வண்டி வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது. ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியைக் கீழே வைத்தேன். எங்கள் லாரியின் ஹாரன் எனக்குத் தெரியும். அவர் பசியோடு வருகிறாரா, கோபத்தோடு வருகிறாரா என்பதுகூடத் திருப்பத்தில் அவர் கியர் மாற்றுவதிலேயே தெரிந்துவிடும். இந்தச் சத்தம் புதிது. ஆட்டுக்கல்லில் சரளையைப் போட்டு ஆட்டுகிற மாதிரி இருந்தது.

வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். ஒரு மாதம் கழித்துப் பெண்டாட்டியைப் பார்க்கிறவர் சொன்ன முதல் வார்த்தை: "டிஃபரன்ஷியல் போயிருச்சு தவமணி."

பின்சக்கரங்களுக்கு நடுவில் ஒரு உருண்டை தொங்குமே, அதுதான். அதற்குள் இருக்கிற பல்சக்கரங்கள்தான் இன்ஜின் சுற்றுகிற சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடுகின்றன. பேர் வாயில் நுழையாததால் நான் அதைப் பூசணிக்காய் என்றே எழுதப்போகிறேன். பூசணிக்காயின் ஆயிலை ஒரு கிண்ணத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே இரும்புத் துகள் மின்னியது. பல் உடைந்திருக்கிறதாம்.

ஆயுத பூஜைக்கு முன்னால் சங்ககிரியில் எந்தப் பட்டறையிலும் இடம் கிடைக்காது. லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அதற்குள் வண்டியைச் சரிபார்த்து, பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்தாக வேண்டும். போன இடமெல்லாம் நோம்பி கழிச்சு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஊட்டுலயே எறக்கி மாத்திக்கறேன்" என்றார்.

"எப்ப முடியுமுங்க?"

"நோம்பிக்குள்ள முடிச்சர்லாம்."

நோம்பி, அதாவது ஆயுத பூஜை, அக்டோபர் ஒன்றாம் தேதி. கல்யாணமான நாளிலிருந்து வடக்கு லைன்தான் ஓட்டுகிறார். வந்தால் இரண்டு நாள் தூங்குவார், ஒரு நாள் வண்டி கழுவுவார், போய்விடுவார். இவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கப்போவது இதுதான் முதல் தடவை. அதனால் எனக்கு ஒன்றுமில்லை. தலைக்கு மேல் தையல் வேலை கிடக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

உப்பு எங்கே என்று கேட்டார். காட்டினேன். கரண்டி எங்கே என்று கேட்டார். காட்டினேன். மத்தியானம் மறுபடி உப்பு எங்கே என்றார். நாக்பூருக்கும் ஜபல்பூருக்கும் நடுவில் எந்த டாபாவில் பருப்பு நன்றாக இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்தச் சமையலறையில் விருந்தாளி.

செப்டம்பர் 11, வியாழன்

பூசணிக்காயை இறக்கினோம். "இறக்கினோம்" என்றுதான் எழுதுவேன். டார்ச் பிடித்தது யார்?

வேப்பமரத்தடியில் வண்டியை ரோட்டைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு நடுவிலிருந்து நீள நீளமாக இரும்புத் தண்டுகளை உருவினார். முன்னாலிருந்து வருகிற உருளைக் கம்பியைக் கழற்றித் தொங்கவிட்டார். பிறகு பூசணிக்காயின் வாயைச் சுற்றி வட்டமாக நட்டு. ஒவ்வொன்றையும் கழற்றிக் கழற்றி என் ஊசி டப்பாவில் போட்டார். ஊசி டப்பாவை எடுக்கும்போது கேட்கவில்லை.

எல்லா நட்டும் வந்தபிறகு நான் சொன்னேன், "சித்த நில்லுங்க. எது மேல, எது கீழன்னு ஒரு அடையாளம் போட்டுக்கலாம்."

"வட்டமா இருக்கறதுக்கு என்னத்த மேல கீழ?"

"ரவிக்கைக் கைகூட வட்டந்தான். மாத்தி வெச்சுத் தெச்சா கைய மேல தூக்க முடியுமா?"

மோனிஷா விட்டுப்போன நகப்பூச்சு அலமாரியில் இருந்தது. நல்ல சிவப்பு. பூசணிக்காயின் விளிம்பில் உச்சியில் ஒரு புள்ளி, அதற்கு நேராக வண்டியில் ஒரு புள்ளி வைத்தேன். மகளுக்குத் தெரிந்தால் ஹாஸ்டலிலிருந்தே சண்டைக்கு வருவாள்.

ஜாக்கியை மெல்ல இறக்க, பூசணிக்காய் பலகையில் உட்கார்ந்தது. உள்ளே பெரிய சக்கரத்தில் பல் வரிசையாக நான்கு காணோம். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத வெச்சுட்டுத் தொப்பூர் கணவாய் எறங்கிருக்கேன்" என்றார். காணாமல் போன பல்லை நான் இன்னொரு தடவை எண்ணினேன். பக்கத்துவீட்டுக் குழந்தைசாமி அண்ணன் காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன அர்த்தநாரி, வண்டிக்குப் பிரசவமா?" என்று கேட்டதும் சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

மூன்று வேளையும் சோறு. மூன்று வேளையும் எதிரில் ஆள். கழுவுகிற பாத்திரம் கூடிவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

புரட்டாசி பிறக்கப்போகிறது. ஒரு மாதத்துக்குக் கறி கிடையாது என்று இன்றைக்கே கணக்குத் தீர்த்துக்கொண்டார். சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்துக்கு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் செம்மலை அண்ணன் வந்தார்.

சிமெண்ட் லோடு ஒன்று நிரந்தரமாக வந்திருக்கிறதாம். காலையில் ஏற்றிக் கரூர், திண்டுக்கல் பக்கம் இறக்கிவிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். "நோம்பிக்குள்ள ஒரு முடிவச் சொல்லிப்போடு அர்த்தநாரி. கேட்டுட்டு நாலு பேரு நிக்கறாங்க."

இவர், "பாக்கலாங்ணா" என்றார்.

நான் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பாக்கலாம் என்றால் இவர் அகராதியில் மாட்டேன் என்று அர்த்தம். சுத்துப்பட்டு ஓட்டுவதெல்லாம் ஒரு ஓட்டா என்று பேசுகிற ஆள். நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மோனிஷா பிறந்தபோது சொல்லவில்லை, அவள் பெரியவளானபோது சொல்லவில்லை. இவர் வண்டி எடுக்கும்போது ஒரு தடவைகூடப் போகாதீர்கள் என்று சொன்னதில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வடக்கு லைனை விட்டான் என்று நாளைக்கு ஊர் பேசக்கூடாது. அவரே நினைத்து நின்றால் அது வேறு.

தட்டைக் கழுவியபிறகும் கழுவிக்கொண்டிருந்தேன் போல. "இதென்ன, புதுசா வெள்ளித் தட்டு வாங்கியாந்தயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 17, புதன்

நாமக்கல் போய்ப் புதுப் பல்சக்கரம் வாங்கி வந்தார். பெரியதும் சிறியதுமாக இரண்டு. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நகை டப்பாவைத் திறப்பதுபோல் காகிதத்தைப் பிரித்தார்.

இரண்டிலும் ஒரே எண் பொறித்திருந்தது. ஜோடியாகவே அரைத்து ஜோடியாகவே விற்பார்களாம். ஒன்று தேய்ந்தால்கூட இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

"வேற வேற ஜோடிய ஒண்ணாப் போட்டா என்னங்க ஆகும்?"

"ஓடும். ஆனா காலம் முச்சூடும் ஊளையுட்டுட்டே ஓடும்."

நான் காகிதத்தை மடித்து எடுத்துவைத்தேன். அவரும் சக்கரத்துக்கு ஆயில் தடவப் போய்விட்டார்.

செப்டம்பர் 20, சனி

முதல் புரட்டாசிச் சனி. பெருமாளுக்குப் படைத்துவிட்டு வந்தால், பூஜையறையில் குங்குமச் சிமிழைக் காணோம். வேப்பமரத்தடியில் இருந்தது.

பல்லும் பல்லும் சரியான இடத்தில் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதற்கென்று ஒரு மை கடையில் கிடைக்கும், வாங்க மறந்துவிட்டார். அதனால் என் குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்துப் பெரிய சக்கரத்தின் பல்லில் பூசிக்கொண்டிருந்தார். சின்னதைச் சுற்றினால், கடித்த இடத்தில் மட்டும் குங்குமம் அழியும். அழிந்த தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி.

முதலில் ஓரத்தில் விழுந்தது. பூசணிக்காயைக் கவிழ்த்துப் பிரித்து, காகிதம் போல மெல்லிய தகடு ஒன்றைச் செருகினார். தடம் மறு ஓரத்துக்குப் போய்விட்டது.

"ரொம்பத் தள்ளிட்டீங்க. பாதி புடிச்சாப் போதும்" என்றேன். ரவிக்கைக்கு இடுப்புப் பிடிக்கிற கணக்குத்தான். அதைவிட மெல்லிய தகடு போட்டார். மறுபடி குங்குமம், மறுபடி சுற்று. நடுவில் விழுந்தது.

குழந்தைசாமி அண்ணன் காம்பவுண்டுக்கு மேலே வந்தார். "நோம்பிக்கு இன்னும் நாளிருக்குது, அதுக்குள்ள குங்குமம் வெச்சாச்சா?"

எங்கள் இருவர் கையும் முழங்கை வரை சிவப்பு. அவர் நெற்றியைச் சொறிந்ததில் அங்கேயும் ஒரு பட்டை. அம்மன் கோயில் பூசாரி மாதிரி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். பிறகு குங்குமம் வாங்க வேண்டும் என்பதை யோசித்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மழை. வண்டி வேலை இல்லை. சும்மா உட்காரத் தெரியாத ஆள், என் தையல் மெஷின் பெல்ட்டை மாற்றினார், கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார், ஒழுகுகிற குழாயை இறுக்கினார். எல்லாம் முடிந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னமோ கொக்கி தெக்கோணும்னயே?"

கொடுத்தேன். லாரி ஸ்டியரிங் பிடித்த கை, ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்தது. தார்ப்பாய் தைத்துப் பழக்கமாம். இப்படி இறுக்கி வைத்தால், தைக்கக் கொடுத்த வாத்தியாரம்மா ரவிக்கையை எப்படிக் கழற்றுவார் என்று தெரியவில்லை. பாதியைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன், அவர் பார்க்காதபோது.

ரேடியோவில் பாட்டு ஓடியது. மழை விட்டும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

பூசணிக்காயைத் திரும்ப ஏற்றினோம். போன தடவை வண்டியின் முன்பக்கம் தலைவைத்துப் படுத்தவர், அங்கே மழைத் தண்ணீர் தேங்கியிருந்ததால் இன்றைக்குப் பின்பக்கமிருந்து நுழைந்தார். கவிழ்த்து வைத்த நிலையிலேயே அதை ஜாக்கியில் ஏற்றி, நெஞ்சால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். நான் நட்டுகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். வட்டமான துளைகள், வட்டமான நட்டுகள், எல்லாம் அழகாகப் பொருந்தின.

துணியால் துடைக்கும்போது பார்த்தேன். வண்டியின் புள்ளி மேலே இருந்தது. பூசணிக்காயின் புள்ளி கீழே இருந்தது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் குக்கர் விசில் அடித்தது. குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்தால் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். முடிந்ததா என்று கேட்டேன். "முடிஞ்சுது" என்றார். வேலை முடித்த முகமாக இல்லை.

ஓட்டிப் பார்க்கவில்லையா என்றேன். "புதுப் பல்லு. மொதச் சுத்து நோம்பியன்னிக்கு எலுமிச்சம்பழத்து மேலதான்" என்றார்.

செப்டம்பர் 26, வெள்ளி

புள்ளி விஷயம் இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நாக்பூர் லோடுக்காரரிடமிருந்து போன். மூன்றாம் தேதி கிளம்ப முடியுமா என்று கேட்டார்கள். "வண்டி ரெடியாத்தானுங்க இருக்குது" என்றார் இவர். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்பேன் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல் வெளிச்சத்தில் ஊசிக் காது தெரியவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மோனிஷா வந்துவிட்டாள். கோவையில் நர்சிங் மூன்றாம் வருடம். வந்ததும் நகப்பூச்சு பாட்டிலைத் தேடினாள். வண்டிக்கடியில் போய்ப் பார் என்றேன்.

அப்பாவும் மகளும் சேர்ந்து வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, முகப்புக்கு மாலை போட்டார்கள். அவர் பேட்டரியைப் பார்க்கப் போன சமயத்தில் என்னிடம் வந்தாள்.

"அப்பா மூணாந்தேதி போறாராம்மா?"

"தெரியல கண்ணு."

"போகவேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லேன்."

"நாஞ் சொல்ல மாட்டேன்."

"அவரும் உங்கிட்டக் கேக்க மாட்டாரு. நல்ல ஜோடிம்மா நீங்க."

போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்றேன். பொரி வாங்க மறந்துவிட்டேன் என்று அவளைக் கடைக்கு அனுப்பினேன். பொரி நேற்றே வாங்கியாயிற்று.

அக்டோபர் 1, புதன்

எழுதும்போது இன்னும் சிரிப்பு வருகிறது. வரிசையாக எழுதுகிறேன்.

படையல் முடிந்தது. வண்டிக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, வெண்பூசணியைச் சுற்றி உடைத்தாயிற்று. சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. குழந்தைசாமி அண்ணன் வீட்டில் அத்தனை பேரும், செம்மலை அண்ணனும், தெருவில் பாதியும் வாசலில் கைகூப்பி நின்றார்கள். வண்டிக்குப் பின்னால் வீடு. வீட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் என் துணிக்கொடி, அதில் அலசிப் போட்ட ஆறேழு ரவிக்கை.

அவர் புதுச்சட்டையோடு ஏறி உட்கார்ந்தார். ஹாரன் அடித்தார். ஃபர்ஸ்ட் கியர் போட்டார்.

வண்டி பின்னால் போனது.

கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "கியர மாத்திப் போட்டுட்ட அர்த்தநாரி" என்று செம்மலை அண்ணன் கத்தினார். அவர் நிறுத்தி, செகண்ட் போட்டார். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போய், கொடியை இழுத்து அறுத்து, ரவிக்கைகளைப் பின்கதவில் மாட்டிக்கொண்டு, வீட்டுப் படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பிறகு அவர் ரிவர்ஸ் போட்டார். வண்டி சாமி மாதிரி முன்னால் வந்து, எலுமிச்சம்பழங்களை ஒன்றுவிடாமல் நசுக்கிவிட்டு நின்றது.

"வடக்க போறதுக்கு வண்டிக்கே மனசில்லைங் அம்மிணி" என்றார் குழந்தைசாமி அண்ணன். "ஊட்டுக்குள்ளயே போகுது."

தெருவே சிரித்தது. மோனிஷா காம்பவுண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இறங்கி, பின்கதவிலிருந்து வாத்தியாரம்மா ரவிக்கையை எடுத்து, உதறி, மடித்துக்கொண்டே என்னிடம் வந்தார். சிரிக்கவில்லை.

"புள்ளி கீழ இருந்துது" என்றார் மெதுவாக.

"பாத்தேனுங்க."

"எப்ப?"

"ஏத்துன அன்னிக்கே."

"பாத்துட்டா சொல்லாம இருந்த?"

"குக்கர் விசிலடிச்சிருச்சு." சொல்லும்போதே எனக்கு முகம் சூடாகிவிட்டது. பிறகுதான் உறைத்தது. "ஏனுங்க, நீங்க எப்பப் பாத்தீங்க?"

ரவிக்கையை இன்னொரு மடிப்பு மடித்தார். "நானும் அன்னிக்கேதான்."

"பொறவு ஏன் உட்டீங்க?"

"பின்னால போகும்னு தோணல. சத்தம் வரும், நோம்பி கழிச்சு மறுக்கா எறக்கோணும்னு நெனச்சேன். நாலு நாளு சேந்தாப்புல இருக்கலாமில்ல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்குள்ளாற நீ போகவேண்டாம்னு சொன்னாலுஞ் சொல்லுவேன்னு இருந்தேன். கண்ணாலமான நாள்லிருந்து வண்டி எடுக்கறப்பெல்லாம் பாக்கறேன். ஒருக்காவுது சொல்லுவேன்னு. நீ டிபன் பாக்ஸக் குடுத்துட்டு உள்ள போயிருவ."

எனக்கு அழுகை வந்தது. சிரித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. உள்ளே போய் நான் என்ன செய்வேன் என்று இவருக்கு யார் சொல்வது? சத்தம் திருப்பத்தைத் தாண்டும் வரை ஜன்னலில் நிற்பேன்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று எழுந்தேன்.

"போகவேண்டாங்க" என்றேன். எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. அதனால் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். "வடக்க போகவேண்டாம். இங்கயே ஓட்டுங்க. எனக்கு நீங்க ஊட்டுல இருக்கோணும்."

அவர் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விடுகிறேன், எனக்கு மறக்காது.

திரும்பி, "செம்மலைண்ணா, அந்தச் சிமெண்ட் லோடு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்குது. ஆனா முன்னால போற வண்டியாக் கொண்டுட்டு வா" என்றார் செம்மலை அண்ணன்.

அக்டோபர் 4, சனி

பூசணிக்காயை மறுபடி இறக்கி, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி ஏற்றினோம். தலைகீழாகப் பூட்டியதில் பெரிய சக்கரம் மறுபக்கம் போய், எல்லாம் எதிராகச் சுற்றியிருக்கிறது. கை மாற்றித் தைத்த ரவிக்கைதான், நான் அன்றைக்கே சொன்னது.

இந்தத் தடவை புள்ளிக்கு நேராகப் புள்ளி. அவர் பார்த்தார், நான் பார்த்தேன், மோனிஷாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். ஃபர்ஸ்ட் கியரில் வண்டி முன்னால் போனது. துளி சத்தமில்லை.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றேன். திருப்பத்தில் ஒரு ஹாரன் அதிகமாக அடித்தார்.

சாயங்காலம் ரவிக்கைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது வண்டி வந்துவிட்டது. முகமெல்லாம் சிமெண்ட் தூசி. குளித்துவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். ரசத்தை ஒரு வாய் குடித்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, "தவமணி, உப்பு எங்க?" என்றார்.

நான் சொல்லவில்லை. தேடிக் கண்டுபிடிக்கட்டும். நாளைக்கும் இங்கேதானே சாப்பிடப்போகிறார்.